மொத்தம் ஒன்றுதான், பொதி எங்கே?

"மொத்த நிகழ்தகவு 1.000000 என்றுதானே காட்டுகிறது, அப்புறம் எங்கே தப்பு?" நுண்துகள் காலத்தோடு எப்படி மாறும் என்று சொல்லும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் யார் வாயிலும் ஒரு நாள் இந்தக் கேள்வி வந்துவிடும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், வெஸ்ட்வில் குன்றின் மேலுள்ள பல்கலைக்கழக வளாகத்தில் இயற்பியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் வரும். பாடநூல் அப்படித்தான் பழக்கியிருக்கிறது. துகள் எங்காவது ஓரிடத்தில் இருந்தே ஆகவேண்டும், ஆகவே எல்லா இடத்து நிகழ்தகவையும் கூட்டினால் ஒன்று வரவேண்டும், வராவிட்டால் நிரல் தவறு. இதில் பிழையே இல்லை. ஆனால் வந்துவிட்டால் நிரல் சரி என்று எந்தப் பாடநூலும் சொல்லவில்லை. அதை நாமே சேர்த்துக்கொள்கிறோம். தைப்பூசத்தன்று காவடி எடுத்துப் புறப்பட்ட நூறு பேரும் தெருவில்தான் இருக்கிறார்கள், ஒருவரும் கழன்றுகொள்ளவில்லை. அதை வைத்து ஊர்வலம் கோயில் வாசலுக்கு வந்துவிட்டது என்று சொல்லிவிட முடியுமா?

காலத்தைத் துண்டாக்கி குவாண்டம் இயக்கவியலைக் கணக்கிடும் வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு துண்டு காலத்தைக் கடக்கும் அடியைக் 'காலடி' என்றே இங்கே சொல்கிறேன். கால் வைக்கும் அடியும் காலத்தின் அடியும் தமிழில் ஒரே சொல்லாக விழுவது இந்த விஷயத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. கணினிக்குள் காலம் ஓடுவதில்லை, அடி மேல் அடி வைத்து நடக்கிறது. அந்த அடியை எந்த அளவில், எந்த விதத்தில் வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கையில் பிடித்துப் பார்க்க ஒரு கணக்கு வேண்டும். சுருக்கிய பிளாங்க் மாறிலியும் துகளின் நிறையும் 1 என்று வைத்துக்கொள்வோம். கழித்தல் 100 முதல் 100 வரை ஒரு கோடு, 0.1 இடைவெளியில் 2001 புள்ளிகள். கழித்தல் 30-ஐ மையமாகக் கொண்டு, 5 அலகு அகலத்தில் மணி வடிவப் பொதி ஒன்று, அதாவது துகள் இருக்கக்கூடிய இடத்தைக் காட்டும் அலைக்கட்டு. அதன் உந்தம் 5. தடுப்புச் சுவர், பள்ளம் எதுவும் கிடையாது. நிறை 1 என்பதால் வேகமும் 5. ஆகவே 10 அலகு நேரத்தில் பொதியின் மையம் 50 அலகு நகர்ந்து 20-இல் நிற்க வேண்டும். அகலம் 5-இலிருந்து 5.1 ஆகும், அவ்வளவுதான். விடை முன்கூட்டியே தெரிந்த இப்படியொரு கணக்கில் சோதிக்காத நிரலைச் சுவரும் பள்ளமும் உள்ள கணக்கில் நம்பக் கூடாது.

கூடிக்கொண்டே போகும் ஒன்று

எல்லோரும் முதலில் எழுதுவது ஆய்லர் முறை. இப்போதைய அலைச்சார்பை, அதாவது ஒவ்வொரு புள்ளியிலும் துகளின் நிலையைச் சொல்லும் கலப்பெண்களை, எடு, அதன் மாறும் வீதத்தைக் கண்டுபிடி, காலடியால் பெருக்கிக் கூட்டு. கிரகத்தின் சுற்றுப்பாதைக்கும் வெந்நீர் ஆறுவதற்கும் சிறிய அடி வைத்தால் ஓரளவு தாக்குப்பிடிக்கும் முறை அது. ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் தாங்காது, காரணம் எளிது. ஒவ்வோர் ஆற்றல் நிலையும் கலப்பெண் தளத்தில் ஒரு வட்டத்தின் மேல் சுற்றவேண்டியது. ஆய்லர் அடி வட்டத்தின் தொடுகோட்டில் போகிறது. தொடுகோட்டில் எவ்வளவு சின்ன அடி வைத்தாலும் வட்டத்துக்கு வெளியேதான் போய் நிற்போம். ஆற்றலையும் காலடியையும் பெருக்கி, அதன் வர்க்கத்தை ஒன்றோடு கூட்டினால் வருவது ஓர் அடியில் நிகழ்தகவு பெருகும் மடங்கு. அது ஒருபோதும் ஒன்றுக்குக் கீழே வராது.

நம் கணக்கில் இது எப்படி வெடிக்கிறது என்று பாருங்கள். 0.1 இடைவெளி உள்ள வலைப்புள்ளிகளில், ஒரு புள்ளியையும் அதன் இரு அண்டைப் புள்ளிகளையும் மட்டும் வைத்துக் கணக்கிடும் மூன்று புள்ளி வேறுபாட்டு வாய்பாட்டைப் போட்டால், அந்த வலை தாங்கக்கூடிய மிகப் பெரிய ஆற்றல் 200. நம் பொதியின் ஆற்றல் 12 சொச்சம்தான். 200-இல் அதற்கு எந்தப் பங்கும் கிடையாது. ஆனால் கணினி எண்களின் 16-ஆம் இலக்கத்தில் ஒட்டியிருக்கும் முழுமையாக்கல் தூசு எல்லா ஆற்றலிலும் பரவிக் கிடக்கும். காலடி 0.001 என்றால் ஆற்றல் 200-இல் உள்ள தூசு அடிக்கு 4 விழுக்காடு பெருகுகிறது. ஆயிரம் அடியில், அதாவது ஓர் அலகு நேரத்தில், அதன் நிகழ்தகவு ஏறத்தாழ 10-இன் 17-ஆம் அடுக்கு மடங்காகிவிடும். இரண்டாம் அலகு முடிவதற்குள் தூசு பொதியையே விழுங்கிவிடும். திரையில் அடுத்தடுத்த புள்ளிகள் மேலும் கீழும் வாள் பல் போலத் துடிப்பது தெரிந்தால் அது இதுதான். காலடியைப் பத்தில் ஒன்றாக்கி 0.0001 வைத்தால் 10 அலகு வரை ஒப்பேற்றலாம். ஆனால் அதற்கு ஒரு லட்சம் அடி வேண்டும், முடிவில் மொத்த நிகழ்தகவு 1.16 ஆகியிருக்கும்.

இந்த இடத்தில் பலர் ஒரு குறுக்குவழிக்குப் போகிறார்கள்: ஒவ்வோர் அடிக்குப் பிறகும் மொத்தத்தால் வகுத்து ஒன்றாக்கிவிடுவது. அது நோயை மறைக்கும், தீர்க்காது. உயர் ஆற்றல் பங்கு மற்றவற்றைவிட வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே எண்ணால் வகுத்தால் அந்த ஏற்றத்தாழ்வு அப்படியேதான் இருக்கும். மொத்தம் 1.000000 என்று அழகாகக் காட்டும், உள்ளே பொதி வேறொன்றாகிக்கொண்டிருக்கும்.

மூன்று சோதனையும் தேறிய தவறு

ஆய்லரை விட்டவர்கள் வந்து சேரும் இடம் கிராங்க்–நிக்கல்சன் முறை. ஜான் கிராங்க், ஃபிலிஸ் நிக்கல்சன் இருவரும் 1947இல் வெப்பம் பரவும் சமன்பாட்டுக்காக எழுதியது. 1967இல் கோல்ட்பெர்க் உள்ளிட்ட மூவர், அலைப்பொதி தடுப்பில் மோதிச் சிதறுவதைக் கணினியால் திரைப்படச் சுருளாக்கிக் காட்டியபோது கையாண்ட வழியும் இந்த வடிவம்தான். பாதி அடியை இப்போதைய நிலையிலிருந்து முன்னோக்கியும், மீதிப் பாதியை வரப்போகும் நிலையிலிருந்து பின்னோக்கியும் எடுத்து, இரண்டும் நடுவில் சந்திக்கவேண்டும் என்று கேட்கிறோம். சமன்பாட்டின் இரு பக்கமும் தெரியாத எண்கள் கலந்து வரும். ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் இடது, வலது அண்டைப் புள்ளி மட்டுமே வேண்டும் என்பதால் அணியில் மூலைவிட்டமும் அதன் இரு பக்கக் கோடுகளும்தான் இருக்கும். இடமிருந்து வலமாக ஒரு துடைப்பு, வலமிருந்து இடமாக ஒரு துடைப்பு, தீர்ந்தது. நிலையாற்றல் காலத்தோடு மாறாவிட்டால் முதல் துடைப்பின் வகுஎண்களை ஒரே முறை கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாம். ஓட்டம் நன்றாகவே வேகமாகும். கை தவறும் இடம் இரண்டு. இரு பக்கத்துக்கும் கற்பனை அலகின் குறி எதிரெதிராக இருக்கவேண்டும். அலைச்சார்பை வைக்கும் வரிசையைத் தொடக்கத்திலேயே கலப்பெண் வரிசையாக அறிவித்திருக்கவேண்டும். மெய்யெண் வரிசையாக அறிவித்துவிட்டால் கற்பனைப் பகுதி ஒரு சின்ன எச்சரிக்கையோடு உதிர்ந்துபோகும், பொதி நகரவே நகராது.

இந்த முறையில் ஒவ்வோர் அடியும் யூனிட்டரி. எந்தக் காலடி வைத்தாலும் மொத்த நிகழ்தகவு ஒன்றாகவே இருக்கும். அதோடு நிற்காமல், சராசரி ஆற்றலும் துளிகூட மாறாது. ஆயிரம் அடி முன்னே போய், காலடியின் குறியை மாற்றி ஆயிரம் அடி பின்னே வந்தால் புறப்பட்ட பொதி பன்னிரண்டாம் இலக்கம் வரை அப்படியே கிடைக்கும். மொத்தம், ஆற்றல், திரும்பி வருதல் என்று மூன்று சோதனையிலும் முழு மதிப்பெண்.

இப்போது காலடியை 0.1 என்று வைத்து நம் கணக்கை ஓட்டுங்கள். நூறே அடி. மூன்று சோதனையும் தேறும். பொதியின் மையம் நகர்ந்த தூரம் 50 ஆக இருக்கவேண்டியது, சுமார் 34.9.

தொடக்கத்தில் சொன்ன கேள்வியின் முடிச்சு அவிழும் இடம் இது. இந்த முறை ஒவ்வோர் ஆற்றல் நிலைக்கும் உரிய பங்கைத் தொடுவதே இல்லை. எந்த நிலையில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவு கடைசி வரை இருக்கும். அது தொடுவது ஒவ்வொரு நிலையும் சுற்றும் வேகத்தை மட்டும். ஓர் அடியில் ஆற்றல் × காலடி என்ற கோணம் திரும்பவேண்டிய நிலை, அந்தப் பெருக்கலின் பாதிக்கு நேர்மாறு டேன்ஜென்ட் எடுத்து இரட்டித்த கோணம்தான் திரும்புகிறது. சிறிய கோணத்துக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. கோணம் பெரிதாகப் பெரிதாக நேர்மாறு டேன்ஜென்ட் படுத்துவிடும். ஆற்றல் எவ்வளவு பெரிதானாலும் ஓர் அடியில் அரைச் சுற்றைத் தாண்டாது. ஒவ்வோர் ஆற்றல் நிலைக்கும் ஒரு கடிகாரம் இருப்பதாகக் கொண்டால், எல்லாக் கடிகாரமும் மெதுவாக ஓடுகின்றன. ஆற்றல் கூடியது இன்னும் மெதுவாக ஓடுகிறது. மொத்தமும் சராசரி ஆற்றலும் கடிகாரத்தைப் பார்க்காத அளவுகள். முன்னே போய்ப் பின்னே வந்தால் கடிகாரம் எவ்வளவு பிந்தியதோ அவ்வளவும் திரும்பக் கிடைத்துவிடும். பிழை எங்கே இருக்கிறதோ அங்கே எட்டிப் பார்க்காத மூன்று சோதனைகளைத்தான் நாம் வைத்திருந்தோம்.

ஆகவே கிராங்க்–நிக்கல்சனின் விடையை 'தவறான குவாண்டம் இயக்கவியல்' என்று சொல்ல எனக்கு மனமில்லை. அது இன்னொரு துகளின் சரியான குவாண்டம் இயக்கவியல். துகளின் மொத்த ஆற்றலைக் குறித்து அதன் நடையைத் தீர்மானிக்கும் கணிதச் செயலிக்கு ஹாமில்டோனியன் என்று பெயர்; நம் ஹாமில்டோனியனுக்குப் பக்கத்து வீட்டு ஹாமில்டோனியன் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைத் துளியும் பிசகாமல் நடத்திக்காட்டுகிறது. காலடி சுருங்கச் சுருங்கப் பக்கத்து வீடு நம் வீட்டை நெருங்கும். ஆய்லர் காட்டுவதோ எந்த வீட்டிலும் குடியிருக்க முடியாத ஒன்று. நல்ல முறைக்கும் கெட்ட முறைக்கும் உள்ள வேறுபாட்டை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். பிழையின் அளவைவிடப் பிழையின் குணம் முக்கியம். குணம் சரியாக இருந்தால்தான் அளவைப் பற்றிப் பேசவே முடியும். ஆனால் பேசாமல் விடவும் முடியாது.

அளவைப் பேசுவோம். காலடி 0.01 என்றால் பொதி நகர்வது 47.8. 0.001 என்றால் 47.9. அதற்கு மேல் எவ்வளவு சுருக்கினாலும் 47.9-ஐத் தாண்டாது. காலடியைப் பாதியாக்கிப் பாதியாக்கி ஓட்டி, விடைகளின் வேறுபாடு நான்கில் ஒன்றாகக் குறைகிறதா என்று பார்ப்பது வழக்கம். இரண்டாம் படி முறைக்கு அப்படித்தான் குறையவேண்டும், இங்கேயும் குறைகிறது. விடை ஒருங்கிவிட்டது என்று எழுதிவைத்துவிடுவோம். ஒருங்கிய இடம் 50 அல்லவே! மீதி இரண்டு அலகைத் தின்றது இடத்தின் துண்டு. மூன்று புள்ளி வாய்பாட்டில் உந்தம் 5 உள்ள அலை 5 என்ற வேகத்தில் போகாது, 0.5 ரேடியனின் சைனை 0.1-ஆல் வகுத்தால் வரும் 4.794-இல்தான் போகும். புள்ளி இடைவெளியை 0.05 ஆக்கினால் 4.948. காலத்தை மட்டும் சுருக்கிச் சோதித்தவர்கள் வலையின் பிழையைக் காணவே மாட்டார்கள். இரண்டையும் தனித்தனியாகச் சுருக்கிப் பார்க்கவேண்டும்.

இன்னொரு சிறிய உத்தி, இதைத் தெரிந்தவர்கள் குறைவு. ஆற்றலின் பூச்சியத்தை எங்கே வைத்தாலும் இயற்பியல் மாறாது என்று படித்திருக்கிறோம். கிராங்க்–நிக்கல்சனுக்கு மாறும். கடிகாரப் பிழை ஆற்றலின் அளவைப் பொறுத்தது என்பதால், பொதியின் சராசரி ஆற்றலை, இந்த வலையில் 12.24-ஐ, ஹாமில்டோனியனிலிருந்து கழித்துவிட்டு ஓட்டுங்கள். பொதியின் ஆற்றல்களெல்லாம் இப்போது பூச்சியத்தைச் சுற்றி அரை அலகு அகலத்துக்குள் அடங்கிவிடும். அதே 0.1 காலடியில், அதே நூறு அடியில், 34.9 போன பொதி 47.9 போய்ச் சேரும். ஒரே ஒரு கழித்தல்தான் செய்தோம். தொடர்ச்சியான காலத்தில் அர்த்தமே இல்லாத ஓர் எண், காலத்தைத் துண்டாக்கியதும் அர்த்தம் பெற்றுவிடுகிறது. ஆற்றல் பல திசையில் பரந்த பொதிக்கு இது உதவாது. குறுகிய ஆற்றல் பட்டையோடு சுவரில் மோதும் கணக்குகளுக்கு அருமையான உதவி.

ஆற்றல் வட்டமாகும்போது

வலைப் பிழையே வேண்டாம் என்றால் பிரித்து நடத்தும் முறைக்குப் போகவேண்டும். ஃபைட், ஃப்ளெக், ஸ்டைகர் மூவரும் 1982இல் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டுக்கு இதை நிலைநாட்டினார்கள். அடியில் இருக்கும் கணிதம் 1959இல் டிராட்டரும் 1968இல் ஸ்டிராங்கும் எழுதியது. நிலையாற்றலில் பாதி அடி, இயக்க ஆற்றலில் முழு அடி, மறுபடி நிலையாற்றலில் பாதி அடி. நிலையாற்றல் ஒவ்வொரு புள்ளியிலும் வெறும் ஒரு கோணத் திருப்பம். இயக்க ஆற்றல், அலையை உந்தங்களாகப் பிரித்துக் காட்டும் ஃபூரியே பக்கத்துக்குப் போனால் அங்கேயும் வெறும் திருப்பம். சுவரே இல்லாத நம் கணக்கில் காலப் பிழை அறவே கிடையாது. நூறு அடி வேண்டாம், ஒரே தாவலில் 50 போய்விடும். சுவர் வந்தால்தான் பிழை வரும். இயக்கத்தை முதலில் நடத்துவதும் நிலையாற்றலை முதலில் நடத்துவதும் ஒன்றல்ல என்பதிலிருந்து பிறக்கும் பிழை அது. காலடியின் வர்க்கத்தோடு குறையும். கை தவறும் இடங்களும் உண்டு. வேக ஃபூரியே மாற்றம் தரும் வரிசையில் எதிர் உந்தங்கள் பின்பாதியில் உட்கார்ந்திருக்கும். அதை மறந்து வரிசையாக உந்தம் கொடுத்தால் எதிர்த்திசையில் போகும் அலைகளெல்லாம் கெட்டுப்போகும். வலதுகோடியைத் தாண்டிய பொதி இடதுகோடியில் முளைக்கும், ஏனென்றால் ஃபூரியேவுக்குக் கோடு என்பது வளையம். ஓரங்களில் மெல்ல ஏறும் கற்பனை நிலையாற்றலை வைத்து வெளியேறும் அலையை உறிஞ்ச வைக்கவேண்டும்.

இந்த முறைக்கும் ஒரு பக்கத்து வீடு உண்டு, அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். காலம் துண்டாகிவிட்டால் ஓர் அடிக்கு எவ்வளவு கோணம் திரும்பியது என்பது மட்டுமே தெரியும். ஒரு முழுச் சுற்று அதிகமாகச் சுற்றியதா என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே ஆற்றல் ஒரு நேர்கோடாக இருந்த நிலை போய், சுற்றளவு உள்ள வட்டமாகிறது. சுற்றளவு, 2π-ஐக் காலடியால் வகுத்தது. காலடி 0.1 என்றால் 62.8. அந்த அளவு வேறுபாடு உள்ள இரண்டு ஆற்றல்கள் இந்த உலகில் ஒன்றேதான். 12.5 ஆற்றலோடு கூர்மையான சுவரில் மோதிய பொதியில் ஒரு துளி 75.3 ஆற்றலோடு தெறித்து ஓடுவதைப் பார்க்கலாம். இயற்கையில் நடக்கவே முடியாத அந்தத் தெறிப்பிலும் மொத்த நிகழ்தகவு ஒன்றாகவே இருக்கும். 0.1 இடைவெளி வலையில் ஃபூரியே தாங்கும் உச்ச ஆற்றல் 493 சொச்சம். அது முழுதும் வட்டத்துக்குள் ஒருமுறை மட்டுமே சுற்றிவரக் காலடி 0.0127-க்குக் கீழே இருக்கவேண்டும். நிலையாற்றல் பெரிதாக இருந்தால் அதற்கும் சேர்த்து இன்னும் குறைக்கவேண்டும். 'விடை நன்றாகத்தான் தெரிகிறது, ஓரத்தில் மட்டும் ஏதோ சிற்றலை' என்று தள்ளிவிடும் சிற்றலைகளில் பல இந்த வட்டத்தின் வேலை.

குவாண்டம் கணினியில் இதே பிரிப்பு முறையைத்தான் வாயில்களாக, அதாவது அந்தக் கணினியின் அடிப்படைச் செயல்களாக, கட்டுகிறார்கள். 1996இல் செத் லாய்ட் காட்டிய வழி. ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகம் 2019இல் ஐபிஎம்மின் குவாண்டம் கூட்டமைப்பில் சேர்ந்த பிறகு இந்த நாட்டு மாணவர்களுக்கும் அந்தப் பொறிகள் எட்டும் தூரத்துக்கு வந்தன. அங்கே ஒரு பெரிய வேறுபாடு: காலடியைச் சுருக்குவது இலவசம் கிடையாது. அடிகளை இரட்டிப்பாக்கினால் வாயில்களும் இரட்டிக்கும், ஒவ்வொரு வாயிலும் தன் பங்குக்கு இரைச்சலைச் சேர்க்கும். ஓர் எண்ணிக்கைக்கு மேல் அடிகளைக் கூட்டினால் விடை மோசமாகத்தான் ஆகும். நம் மடிக்கணினியில் சோம்பலால் பெரிய காலடி வைக்கிறோம். அங்கே வேறு வழியில்லாமல் வைக்கிறார்கள். பக்கத்து வீட்டு ஹாமில்டோனியன் எது என்று தெரிந்திருப்பது அங்கே இன்னும் முக்கியம்.

மின்வெட்டும் இரண்டு அடிகளும்

தென்னாப்பிரிக்காவில் நீண்ட கணக்கு ஓட்டுபவர்களுக்கு லோட்-ஷெடிங் என்ற சொல்லை விளக்கவேண்டியதில்லை. 2023இல் ஒரு நாளில் இரண்டிரண்டு மணி நேரமாகப் பல முறை மின்சாரம் போனது. கேப் டவுனில் உள்ள தேசிய உயர்திறன் கணினி மையத்தின் லெங்காவு என்ற மீக்கணினி போன்ற பொறியில் இடம் கிடைத்தால் மின்சாரக் கவலை குறையும். அங்கேயும் ஒரு வேலைக்கு நேர வரம்பு இருக்கும். ஆகவே இடையிடையே அலைச்சார்பைக் கோப்பில் சேமிக்கும் பழக்கம் நம்மூரில் கட்டாயம். நம் கோட்டுக் கணக்குக்கு 32 கிலோபைட் போதும். முப்பரிமாணத்தில் பக்கத்துக்கு 256 புள்ளி என்றால் ஒரு சேமிப்பு 268 மெகாபைட். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் பழைய கோப்பும் இல்லை, புதியதும் இல்லை. வேறு பெயரில் முழுதாக எழுதி முடித்து, பிறகு பெயரை மாற்றவேண்டும்.

எதைச் சேமிப்பது என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. தவளைப் பாய்ச்சல் முறை என்று ஒன்று உண்டு. அஸ்கரும் சாக்மாக்கும் 1978இல் எழுதியது. முந்தைய நிலையிலிருந்து, இப்போதைய நிலையை மிதித்துக்கொண்டு, அடுத்த நிலைக்குத் தாவுவது. எந்தச் சமன்பாட்டுத் தொகுதியையும் தீர்க்கவேண்டாம் என்பதால் முப்பரிமாணத்தில் பலர் இதை விரும்புவார்கள். நம் வலையில் காலடி 0.005-ஐத் தாண்டினால் வெடிக்கும்; அதற்குக் கீழே நன்றாக நடக்கும். கிராங்க்–நிக்கல்சனில் பொதி பிந்தும் என்றால் இதில் முந்தும். இந்த முறைக்கு நினைவு இரண்டு நிலை. மின்சாரம் வந்ததும் மறுபடி தொடங்க ஒரே ஒரு நிலையை மட்டும் சேமித்து வைத்திருந்தால், முந்தைய நிலையை ஆய்லர் அடியால் இட்டுக்கட்டத்தான் தோன்றும். அந்த ஒரே ஆய்லர் அடி, அடிக்கு ஒரு முறை குறி மாறும் போலி அலை ஒன்றை உள்ளே விட்டுவிடும். அது சாகாது, கடைசி வரை பொதியோடு கூடவே வரும். இரண்டு நிலையையும் சேமியுங்கள். முடியாவிட்டால் அந்த முதல் அடியைக் காலடியின் நான்காம் படி வரை விரித்து எடுங்கள்.

எதிர்மறை நிகழ்தகவு

இதுவரை தனித்திருக்கும் துகளைப் பேசினோம். சூழலோடு ஒட்டி உறவாடும் துகளுக்கு அலைச்சார்பு போதாது, பல நிலைகளின் கலவையையும் குறிக்கக்கூடிய அடர்த்தி அணி வேண்டும். 1976இல் லின்ட்பிளாடும், தனியாக கோரினி முதலிய மூவரும் எழுதிய, அந்த அணி காலத்தோடு மாறுவதைச் சொல்லும் சமன்பாடு வேண்டும். இங்கே நம் தொடக்கக் கேள்வி இன்னும் பெரிய வலையை விரிக்கிறது. ஏனென்றால் இங்கே ஆய்லர் முறையிலேயே மொத்தம் ஒன்றாக இருக்கும். அடர்த்தி அணியின் மூலைவிட்டக் கூட்டுத்தொகை எந்தக் காலடியிலும், எத்தனை அடியிலும் ஒன்றுதான். சமன்பாட்டின் அமைப்பே அதைக் காத்துவிடும். அலைச்சார்பில் ஆய்லரைக் காட்டிக்கொடுத்த ஒரே சாட்சியும் இங்கே வாயடைத்துப்போகிறது.

மிகச் சிறிய எடுத்துக்காட்டு: இரண்டே நிலை உள்ள ஒரு தற்சுழற்சி (ஸ்பின்). கீழ்நிலையில் முழுதாக இருக்கிறது, ஒரு புலம் அதைத் திருப்புகிறது. திருப்பும் அதிர்வெண்ணையும் காலடியையும் பெருக்கினால் 0.2. ஓர் ஆய்லர் அடி வையுங்கள். மூலைவிட்டத்தில் 1, 0. ஓரங்களில் கற்பனை எண்களாக 0.1, அதன் எதிர்க்குறி. கூட்டுத்தொகை 1, அப்பழுக்கில்லை. நிகழ்தகவுகளாக இருக்கவேண்டிய, அந்த அணியின் ஐகன் மதிப்புகளைக் கணக்கிடுங்கள்: 1.0099, கழித்தல் 0.0099. முதல் அடியிலேயே ஒரு நிகழ்தகவு பூச்சியத்துக்குக் கீழே போய்விட்டது, இன்னொன்று ஒன்றுக்கு மேலே. எவ்வளவு சிறிய காலடி வைத்தாலும் தூய நிலையிலிருந்து இப்படித் திருப்பிப் புறப்பட்டால் இதுதான் நடக்கும். கழித்தல் எண் சிறிதாகும், கழித்தல் குறி போகாது.

இதற்கு மாற்று, ஒவ்வொரு காலடியையும் தொடக்கத்திலிருந்தே இயற்கை அனுமதிக்கும் ஒரு மாற்றமாகக் கட்டுவது. வெஸ்ட்வில் வளாகத்தில் பிரான்செஸ்கோ பெத்ருச்சியோனேயும் சினாய்ஸ்கியும், பிரான்ஸின் அத்தாலும் சபோவும் சேர்ந்து 2012இல் வெளியிட்ட திறந்த குவாண்டம் நடை இந்த எண்ணத்தின் அழகான வடிவம். அங்கே காலம் துண்டாகவே பிறக்கிறது. தொடர்ச்சியை வெட்டி எடுத்ததாக இல்லை. ஒரு முனையிலிருந்து போகும் ஒவ்வொரு வழிக்கும் ஓர் அணி. அந்த அணிகள் ஒவ்வொன்றையும் அதன் இணை மாற்றணியால் இடப்புறம் பெருக்கிக் கூட்டினால் அலகு அணி வரவேண்டும். அந்த ஒரு நிபந்தனை இருந்தால் மொத்தமும் ஒன்றாக இருக்கும், எந்த நிகழ்தகவும் பூச்சியத்துக்குக் கீழே போகாது, எத்தனை அடி நடந்தாலும். நம் குன்றில் எழுதப்பட்ட ஒன்று என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. காலடியை எப்படி வைக்கவேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கட்டமைப்பை நான் பார்த்ததில்லை.

அதே வழியில் மேல்நிலையிலிருந்து ஒளியை உமிழ்ந்து இறங்கும் அணுவுக்கு ஒரு காலடி எழுதிப் பாருங்கள். இறங்கும் வீதமும் காலடியும் பெருக்கினால் 1.2 என்று, வேண்டுமென்றே முரட்டுத்தனமாக, வையுங்கள். ஆய்லர் அடிக்குப் பிறகு மேல்நிலையில் மீதம் கழித்தல் 0.2. அடுக்குக்குறி வீழ்ச்சியிலிருந்து இறங்கும் நிகழ்தகவை 0.699 என்று எடுத்து, இறங்கியதற்கு ஓர் அணி, இறங்காததற்கு ஓர் அணி என்று இரண்டு வைத்தால் மீதம் 0.301, அதுவே சரியான விடையும்கூட. ஆனால் கூடவே ஒரு புலமும் அணுவைத் திருப்பிக்கொண்டிருந்தால் இவ்வளவு பெரிய காலடியில் திருப்புவதையும் இறங்குவதையும் மாறி மாறி நடத்துவது பக்கத்து வீட்டுக்கே கொண்டுபோய்விடும். எல்லா நிகழ்தகவும் நேர்க்குறியோடு, மொத்தம் ஒன்றாக, அணு வேறொரு தாளத்தில் ஆடும். காலடியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டினால்தான் அது தெரியும்.

ஆகவே நிரலில் ஒரு வரி சேர்க்கச் சொல்வேன். மொத்தத்தை அச்சிடும் அதே வரியில், பக்கத்திலேயே, பொதியின் மையம் எங்கே இருக்கிறது என்பதையும் அச்சிடுங்கள். அடர்த்தி அணி என்றால் அதன் மிகச் சிறிய ஐகன் மதிப்பை. பிறகு காலடியைப் பாதியாக்கி ஒரு தரம், புள்ளி இடைவெளியைப் பாதியாக்கி ஒரு தரம் ஓட்டுங்கள். 1.000000 மூன்று தடவையும் அப்படியே நிற்கும். பக்கத்து எண்தான் நகரும்.